பக்கம் 7-14

இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, புத்தகத்தின் முதுகுக்கும் சூட்டுக்கும் நடுவில் மடித்த கைக்குட்டை ஒன்றைப் போட்டு, கைகள் மெல்ல அழுத்தின. பதினைந்து வரை எண்ணிவிட்டு எடுத்தன. பசை இளகியிருந்தது. இடது கை அட்டையைப் பிடித்துக்கொள்ள, வலது கை முதல் தாளை மேல்மூலையில் பிடித்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தது. கிழியவில்லை. அடுத்த தாள். அதற்கடுத்த இரண்டும் கிரீஸால் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய ஒரு பட்டையை அவற்றின் நடுவே செருகி, தோசையைக் கல்லிலிருந்து எடுக்கிற நிதானத்தோடு விரல்கள் அவற்றைப் பிரித்தன. பிரித்த தாள்கள் எண் வரிசையில் அடுக்கப்பட்டன. வெற்றுத் தாளும் அதன் இடத்திலேயே வைக்கப்பட்டது.

அந்தக் கைகளுக்கு உரியவளை அந்தத் தெருவில் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் பட்டறைகள் ஒன்பது, வண்டி சீட்டுக்கு உறை தைப்பவர் ஒருவர், டயர்க் கடை ஒன்று, இவற்றுக்கு நடுவில் பத்தடிக்கு எட்டடியில் அவள் கடை. நகல் எடுப்பது, பைண்டிங் செய்வது, அடையாள அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது அவள் தொழில். நாற்பத்தெட்டு வயதில் அவள் இன்றுவரை ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டியதில்லை. ஆனால் எந்த மாடலில் கிளட்ச் எந்தப் பக்கம் என்று கேட்டால், படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

தொடங்கியது தற்செயலாகத்தான். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மெக்கானிக் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒயரிங் படம் இருந்த பக்கத்தை மட்டும் நகல் எடுத்துப் போனான். மறுநாள் இன்னொருவன் அதே பக்கத்துக்காக வந்தான், அதற்கடுத்த வாரம் மூன்றாமவன். இந்தப் புத்தகங்களைக் கம்பெனி தன் பட்டறைகளுக்கென்று அச்சடிப்பது. கடையில் கிடைக்காது. வண்டியின் தயாரிப்பு நின்றுவிட்டால் புத்தகமும் நின்றுவிடும். ஆனால் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். அவள் ஒரு ஸ்கேனர் வாங்கினாள். எடுத்ததை இணையத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தளத்தில் போட்டாள். யாரோ எங்கிருந்தோ இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். அவ்வளவு போதுமாயிருந்தது. இப்போது நூற்று நாற்பத்து மூன்று புத்தகங்கள் அங்கே இருந்தன.

அவளுக்கென்று சில விதிகள் இருந்தன. ஒரு பக்கமும் விடக்கூடாது. யாரோ பேனாவால் எழுதிய குறிப்பை அழிக்கக்கூடாது. புத்தகத்தில் இல்லாத எதையும் சேர்க்கக்கூடாது. இந்தக் கடைசி விதி பட்டறிந்து வந்தது. முன்பொரு முறை கிழிந்திருந்த ஒரு மூலையில், மெக்கானிக் ஒருவன் அடித்துச் சொன்னதை நம்பி ஓர் எண்ணை எழுதிச் சேர்த்தாள். அது வேறு மாடலுக்கான எண் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு, தாளில் கண்ணால் பார்க்காத எண் எதுவும் அவள் கையிலிருந்து போனதில்லை.

அன்று முற்பகலில், தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

“வணக்கம் மேடம். நான் ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். உங்க புத்தகத்த வெச்சு என் வண்டி எஞ்சினப் பிரிச்சேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. திரும்ப மாட்டும்போது பக்கம் 7-14ல போட்டிருக்கிறபடி, இறுக்கத்த அளக்குற டார்க் ரெஞ்ச்சுல 12 வெச்சுத் திருகினேன். ரெண்டு போல்ட் உள்ளேயே முறிஞ்சிடுச்சு. அத எடுக்கப் போயி சிலிண்டர் ஹெட்டும் பாழாயிடுச்சு. பழைய இரும்புக் கடையெல்லாம் அலைஞ்சு வேற ஒரு ஹெட்டு கண்டுபிடிச்சிருக்கேன். இருந்தது அது ஒண்ணுதான். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி கிச்சன்ல வேலை. காலைல அஞ்சரைக்கு அங்க நிக்கணும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். பாப்பாவத் தூக்கத்தோட நடுவுல உக்கார வெச்சு நான்தான் தினமும் அவங்களக் கொண்டுபோய் விடுவேன். வண்டி நின்னதுலேர்ந்து அவங்க அங்கேயே யார் ரூம்லயோ தங்குறாங்க. பாப்பா என்கூட இருக்கா. நாலு வயசு. இந்த ஹெட்டும் போச்சுன்னா வேற வழியில்ல. 12ங்கிறது சரிதானா? இல்ல என் போல்ட்டுதான் பழசா?”

அவள் இரண்டு முறை படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் போட்டது. ஆறாயிரத்து இருநூறு பேர் இறக்கியிருந்தார்கள். பக்கம் 7-14, ஏழாம் அத்தியாயத்தின் பதினான்காம் பக்கம்: எந்த போல்ட்டை எத்தனை கிலோகிராம்-மீட்டர் இறுக்க வேண்டும் என்ற அட்டவணை. நான்காவது வரியில் 12 என்றிருந்தது. பளிச்சென்று, வெள்ளைத் தாளில் கறுப்பாக, ஒரு சந்தேகமும் இல்லாமல்.

அவ்வளவு பளிச்சென்று இருந்ததுதான் இடித்தது. மூலப் புத்தகம் அப்படி இல்லை. மஞ்சளேறிய தாள், கிரீஸ் கை பட்ட இடமெல்லாம் பொரிப்பொரியாகக் கறை. ஸ்கேன் செய்ததும் தூசைத் துடைக்க மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அதில், திரையில் பிடித்து நகர்த்தும் ஓர் இழுப்பான். இழுக்க இழுக்கச் சிறியதிலிருந்து பெரியதுவரை கறைகள் மறையும். அழுக்கு அதிகமாக இருந்த பக்கங்களில் அவள் அதைக் கடைசிவரை இழுத்திருந்தாள். மற்ற பக்கங்களில் எழுத்து பெரிது. அட்டவணைகளில் சிறிது. அந்தச் சிறிய எழுத்தில் ஒரு புள்ளியின் அளவும் ஒரு தூசியின் அளவும் ஒன்றுதான்.

அது 12 ஆகவும் இருக்கலாம். 1.2 ஆகவும் இருக்கலாம். அவளுக்கு நினைவில்லை. துடைக்காத ஸ்கேன்களை, டிஸ்க் நிறைந்துவிட்டதென்று எப்போதோ அழித்திருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தாள். “அந்தப் பக்கத்தை நான் துடைத்தபோது” என்று தட்டி, நின்று, அழித்தாள். ஆறாயிரத்து இருநூறு என்ற எண் பக்கத்தில் தெரிந்துகொண்டேயிருந்தது. “12 தவறாக இருக்கலாம்” என்று தட்டினாள். இருக்கலாம் என்பது என்ன பேச்சு? அதையும் அழித்தாள். கடைசியில் போனது இதுதான்: “சரிபார்த்துச் சொல்கிறேன் சார். கொஞ்சம் பொறுங்கள்.”

எதிர்ப்பட்டறைக்காரனை அரையிஞ்ச் என்பார்கள். ஆள் குள்ளம், வாய் நீளம். அவள் போய்க் கேட்டபோது அவன் ஒரு செயினை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான்.

“ஆறு எம்எம் போல்ட்டுக்குப் பன்னண்டா? ஏங்க்கா, அது போல்ட்டா இல்ல பாலத்துத் தூணா?”

“அப்ப எவ்வளவு?”

“விரல் சொல்லும்.”

“விரல் சொல்றத நம்பரா சொல்லு தம்பி.”

“ஒண்ணு. ஒண்ணு சொச்சம்.”

“சொச்சம்னா எவ்வளவு?”

“சொச்சம்னா சொச்சம்தான்க்கா. கல்யாணத்துக்கா நாள் பாக்குறோம்? ஒண்ணு சொச்சம், கை நோகாம திருகுங்கன்னு எழுதி அனுப்பிடுங்க.”

“பாக்காம எப்படிடா எழுதறது?”

“அந்த ஆளு கையில உசுரு இல்லையா? போல்ட்டு முறியறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி குழையுமே. நம்மாளுங்களுக்குத் தூக்கத்துல கூடத் தெரியும்.”

“அவர் மெக்கானிக் இல்ல. லேப் அசிஸ்டென்ட்டு. டார்க் ரெஞ்ச்சுல நம்பர் வெச்சு, டிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகியிருக்காரு. புத்தகம் சொன்னத அப்படியே செஞ்சிருக்காரு.”

“அதான் தப்பு. புத்தகத்துல நம்பர எவன்க்கா பாக்குறான்? நாங்க படத்தத்தான் பாப்போம்.”

நான்கு வருடமாக யாரும் ஒன்றும் சொல்லாததற்கு அதுதான் காரணம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கை தெரிந்தவர்களுக்கு அந்த எண் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள், போல்ட் முறிந்ததும் தங்களையே நொந்துகொண்டு போயிருப்பார்கள்.

மூலப் புத்தகத்தைத் தேடத் தொடங்கினாள். அதைக் கொடுத்த மெக்கானிக் ஊரை விட்டுப் போய்விட்டிருந்தான். அவன் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டு எண் வாங்கி அழைத்தாள். “அந்த புக்கா? மழையில நனைஞ்சு கூழாயிடுச்சுக்கா. தூக்கிப் போட்டாச்சு” என்றான்.

பிறகு இணையம். அதே புத்தகம் பதினோரு தளங்களில் இருந்தது. ஒன்றில் முன்னட்டையை மாற்றியிருந்தார்கள். ஒன்றில் பக்கங்களின் குறுக்கே தங்கள் பெயரைச் சாய்வாக அச்சடித்திருந்தார்கள். வேறு யாராவது வேறு தாளிலிருந்து எடுத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். 7-14இல் 12, 12, 12. சந்தேகம் தீர, பக்கம் 3-2க்குப் போனாள். அந்தத் தாள் சுருண்டுகொண்டே இருந்ததால் ஓரத்தைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு ஸ்கேன் செய்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதினோரு தளங்களிலும் கீழ்மூலையில் அவள் சுண்டுவிரல் நிழலாக விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் போட்டிருந்த கடைப் பெயரைப் பல தளங்களில் வெட்டியிருந்தார்கள். விரலை யாரும் கவனிக்கவில்லை.

“சோறு ஆறுது” என்றார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மதியம் இரண்டு மணி நேரம் வீட்டில் இருப்பார். “அந்தாளு போல்ட்டுக்காக நீ ஏன் பட்டினி கெடக்குற?”

“நான் போட்ட புத்தகம்தானேங்க.”

“நீ எழுதினியா? கம்பெனிக்காரன் எழுதினான். நீ கண்ணாடி மேல வெச்சு எடுத்த. லெட்டர்ல கெட்ட சேதி வந்தா தபால்காரனையா திட்டுவாங்க?”

“தபால்காரன் லெட்டரப் பிரிச்சு ஒரு எழுத்த அழிச்சுட்டுக் குடுத்திருந்தா?”

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். “அதுக்குத்தான் நான் வேன்ல வர்ற எந்தப் புள்ளைக்கும் லெட்டர் கொண்டுபோய்க் குடுக்கிறதில்ல” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

உதிரிபாகம் விற்கும் ஒருவர் மூலம் பதினேழாவது நாளில் துப்பு கிடைத்தது. அந்தக் கம்பெனியின் முகவர் கடையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், கடை மூடியபோது புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போனாராம். தொலைபேசியில் அவர், “ஞாயித்துக்கிழமை வாங்க. புத்தகம் வாசப்படி தாண்டாது. இஷ்டம்னா வாங்க” என்றார்.

ஞாயிறு, பத்தொன்பதாவது நாள். இரண்டு பஸ் மாறிப் போனாள். முன்னறையில் சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பாக எண் எழுதிய சீட்டு. ஸ்டோர் கீப்பர் முதலில் அவளைக் கை கழுவச் சொன்னார். கழுவிய கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

“புத்தகத்துக்குத் தோலுரிக்கிறது நீங்கதானா?”

“திரும்ப ஒட்டிக் குடுத்துடுவேங்க ஐயா.”

“உரிச்ச ஆட்டுக்குத் திரும்பத் தோல ஒட்டினா மேயுமா? நீங்க தொட வேணாம்மா. நான் பொரட்டுறேன், நீங்க பாருங்க.”

அலமாரியிலிருந்து துணி சுற்றிய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அழுக்கே படாத புத்தகம். பட்டறையைப் பார்க்காத புத்தகம். அவள் பக்க எண்ணைச் சொன்னாள். அவர் விரல் நுனியால் தாள்களைப் புரட்டி நிறுத்தினார். நான்காவது வரி.

1.2.

அந்தப் புள்ளி கடுகில் பாதிகூட இல்லை. அவள் குனிந்து, மூச்சு தாளில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். போன் கேமராவில் எடுத்தாள். அங்கேயே நின்றபடி அனுப்பினாள்: “12 இல்லை சார். ஒன்று புள்ளி இரண்டு. மூலப் புத்தகத்தில் பார்த்துவிட்டேன். படம் அனுப்பியிருக்கிறேன்.”

பத்து நிமிடத்தில் பதிலாக ஒரு படம் வந்தது. சிலிண்டர் ஹெட். நான்கு துளைகளில் இரண்டின் வாய் விரிந்து, உள்ளிருந்த திருகுமரை சுருள் சுருளாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரு துளையிலிருந்து ஓரம்வரை மயிரிழையாய் ஒரு வெடிப்பு. அதன் கீழே எழுத்து:

“நேத்து சாயங்காலம் மாட்டிட்டேன் மேடம். நீங்க பொறுங்கன்னீங்க. பொறுத்தேன். தப்புன்னு நீங்க சொல்லல. வேற மூணு தளத்துல பாத்தேன், மூணுலயும் 12தான் போட்டிருந்துச்சு. மூணு பேரு ஒரே மாதிரி சொன்னா சரியாத்தானே இருக்கும். என் பழைய போல்ட்டுதான் காரணம்னு நெனச்சு புதுசு, நல்ல ஸ்டீல்ல வாங்கிப் போட்டேன். போல்ட்டு முறியல. ஹெட்டுதான் போச்சு.”



“யாரு?” என்றார் ஸ்டோர் கீப்பர்.

“புத்தகத்தப் படிச்சவரு.”

அவர் போனை வாங்கிப் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அந்த ஹெட்டின் பாக எண்ணை முணுமுணுத்தார். “பதினாறு வருஷமா இது எங்கயும் கெடையாது” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்ப இன்னிக்கு வேல முடிஞ்சுதா?” என்றார்.

“இல்லைங்க ஐயா. முதல் பக்கத்துலேர்ந்து காட்டுங்க.”

ஐந்து ஞாயிறுகள் ஆயின. அவர் புரட்ட, அவள் படமெடுத்தாள். வாரநாட்களில் கடையில் ஆள் இல்லாத நேரங்களில் ஒவ்வோர் அட்டவணையையும் தன் ஸ்கேனோடு ஒப்பிட்டாள். மதியங்களில் கணவர் படத்தைப் பார்த்து எண்களை வாசிக்க, அவள் தன் அச்சுத்தாளில் அடிக்கோலை நகர்த்திக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் அவருக்கு அலுத்துவிடும். கண்டக்டர் குரலில் வாசிப்பார். “ரெண்டு புள்ளி ரெண்டு எறங்கு... சைபர் புள்ளி சைபர் எட்டு, உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத!” அவள் தலையை நிமிர்த்தாமல் “திரும்ப” என்பாள். அவர் திரும்ப வாசிப்பார். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நாற்பத்தொரு புள்ளிகள் காணாமல் போயிருந்தன. ஒவ்வொன்றையும் கையால் வைத்தாள்.

லேப் அசிஸ்டென்ட்டுக்கு அந்த முதல் ஞாயிறன்றே, பஸ்ஸில் வரும்போது, எல்லாவற்றையும் எழுதிவிட்டிருந்தாள். தூசைத் துடைத்தது, இழுப்பானைக் கடைசிவரை இழுத்தது, முதல் நாளே சந்தேகப்பட்டது, எழுதி அழித்தது. “நீங்கள் பார்த்த மூன்றும் மூன்று பேர் சொன்னதில்லை சார். மூன்றும் நான்தான்.” எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் வந்தது. “சரி” என்ற ஒரே சொல்.

திருத்திய புத்தகம் தயாரானதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். பதினோரு தளங்களுக்கும் எழுதினாள். இரண்டு கடிதங்கள் முகவரி இல்லையென்று திரும்பின. ஒன்றிலிருந்து, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று வந்தது. எட்டிலிருந்து ஒன்றுமில்லை. எவரும் புத்தகம் சேர்க்கலாம் என்றிருந்த ஒரு தளத்தில் அவளே ஏற்றிப் பார்த்தாள். ‘இந்தப் புத்தகம் ஏற்கெனவே உள்ளது’ என்று இயந்திரம் சொல்லித் தள்ளிவிட்டது. பெயரை மாற்றி ஏற்றினாள். அப்படியொரு மாடல் இல்லை என்றது. இணையத்தில் தேடினால் முதலில் அந்தப் பதினொன்றும் வந்தன. அவளுடையது நான்காம் பக்கத்தில் எங்கோ கிடந்தது. ஒரு மாதத்தில் ஒன்பது பேர் இறக்கியிருந்தார்கள். அதில் நான்கு, சரியாக இறங்குகிறதா என்று அவளே பார்த்தது.

“விடுங்கக்கா” என்றான் அரையிஞ்ச். வண்டிப் பதிவுப் புத்தகம் ஒன்றின் நகலுக்காக வந்திருந்தான். “ஒலகத்துல புத்தகத்தப் பாத்து நம்பர் வெச்சுத் திருகுறவன் எத்தன பேரு இருப்பான்? பத்துப் பேரு இருப்பானா?”

“அந்தப் பத்துப் பேருக்காகத்தான் போட்டேன்.”

அவன் நகலை எடுத்துக்கொண்டு போனான்.  

மற்ற நூற்று நாற்பத்திரண்டு புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அதே கைதான் துடைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவற்றை எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். எடுத்தால், வெளியே திரியும் நகல்கள் மட்டும் மிஞ்சும். அவற்றில் எச்சரிக்கைகூட இருக்காது. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ‘எண்களை வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சேர்த்தாள். சேர்த்து முடித்தபின், அவர்கள் எந்த இடத்தில் சரிபார்ப்பார்கள் என்று நினைத்தாள்.

திருத்திய புத்தகத்தின் ஒரு பிரதியைத் தடித்த தாளில் அச்சடித்து, நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டாள். விரித்தால் மேசையில் படுத்துக் கிடக்க வேண்டும், திருகும்போது இரண்டு கையும் தேவைப்படும் என்று தையலைத் தளர்வாக விட்டாள். பட்டறைப் பக்கம் போகும் புத்தகமென்று அட்டவணைத் தாள்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டாள். தபாலில் அனுப்ப முகவரி கேட்டு எழுதினாள். “நானே வர்றேன்” என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, ரப்பர் செருப்பு. தோளில் ஒரு பெண் குழந்தை வெயிலுக்குக் கண்ணை இறுக்கிக்கொண்டு சாய்ந்திருந்தது.

“ஜெராக்ஸ்...” என்று தொடங்கி, “நான்தான் மேடம். அந்த ஹெட்டு” என்றார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். திட்டுவார் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்து குழந்தையை மடியில் இறக்கினார். குழந்தை நகல் இயந்திரத்தின் பச்சை விளக்கையே பார்த்தது.

“பஸ்ஸுல வந்தீங்களா?”

“ஆமாங்க. ரெண்டரை மணி நேரம்.”

“வேற ஹெட்டு...”

“தேடினேன். இல்ல. வெல்டு வெச்சுப் பாத்தேன், நிக்கல. ரெண்டு ஊரு தள்ளி ஒருத்தர் இருக்குன்னாரு. போய்ப் பாத்தா வேற மாடல்.”

“வீட்ல அவங்க?”

“ஆஸ்பத்திரியிலயே ஸ்டாஃப் ரூம் எடுத்துக்கிட்டாங்க. போன மாசம் வரைக்கும் தற்காலிகம்னு சொல்லிட்டிருந்தோம்.” குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். “ஞாயித்துக்கிழமை நாங்க போறோம். இவ அங்க போனா அவங்க முந்தானைய விடமாட்டா. திரும்பி வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.”

“எல்லாம் என்னாலதான் சார். அன்னிக்கே ‘தொடாதீங்க, தப்பு’ன்னு ஒரு வரி எழுதியிருந்தா...”

“ஆமா மேடம்” என்றார் அவர். கோபமில்லாமல், ஆனால் மறுக்காமல். “ஒரு வரிதான்.”

எதிரே அரையிஞ்ச் ஒரு வண்டியை உதைத்து எழுப்பினான். அது இருமிவிட்டு அடங்கியது. மறுபடி உதைத்தான். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

“வண்டிய என்ன பண்ணினீங்க?”

“வீட்டு நடையிலதான் நிக்குது. பழைய இரும்புக்காரர் கேட்டாரு. குடுக்கல. ஏன் குடுக்கலன்னு எனக்கே தெரியல.”

அவள் எழுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பிரவுன் தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். அவர் கையை நீட்டுவதற்கு முன், முதல் அட்டவணையைத் திறந்து மேசையில் படுக்க வைத்துக் காட்டினாள். அது மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடந்தது. அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, அடுத்த வரிக்கு நகர்த்தி, அடுத்ததற்கு நகர்த்தினார். சோதனைச்சாலையில் வேலை செய்பவரின் விரல், கோடு மாறாமல் போனது.

“இதுல எல்லாம் சரியா இருக்கா?”

பதினோரு வருடமாக யார் கேட்டாலும் அவள் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பாள்.

“ரெண்டு பேரு உக்காந்து ரெண்டு தடவ பாத்தோம் சார். எங்க கண்ணுக்குத் தெரிஞ்சத எல்லாம் பாத்துட்டோம்.”

அவர் தலையசைத்தார். அது ஒப்புக்கொண்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையை இறக்கி நிற்க வைத்துவிட்டு எழுந்தார். அவள் புத்தகத்தை மூடி, அட்டையைப் புறங்கையால் ஒரு முறை துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.